சீராக வந்த ரிசீவர்

இப்போது மெல்லிய கீச்சுச் சத்தம் என் காதுக்கு எட்டுவதில்லை. கொலுசு, ஜால்ரா, தகரத்தில் மழை விழ ஆரம்பிக்கிற சத்தம், இதெல்லாம் எனக்கு நின்றுவிட்டது. டாக்டர் வயசு என்றார். சரிங்க என்றேன். காது போனவன் ஹோம் தியேட்டர் மாட்டக் கூடாது. அதனால் தொழிலை நிறுத்திக்கொண்டேன்.

ஏதாவது எழுதிக் கொடுங்க பாய் என்று இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்த நீங்கள் கேட்டீர்கள். ஒயர் இழுப்பது, ஸ்பீக்கரை எங்கே வைப்பது, இதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. அதைவிட்டு வேறு சொல்கிறேன். எனக்கு எட்டாவது வரைதான் படிப்பு. எழுத்து அப்படித்தான் இருக்கும்.

எல்லா வீட்டிலும் ஒரு நாள் ஒரு கேள்வி வரும். பழைய ரிசீவரையே வைத்துக்கொள்வதா, புதுசு வாங்குவதா. டிவிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற பெட்டி அது. பத்துப் பதினைந்து வருஷம் வீட்டோடு இருந்திருக்கும். கேட்பவர் மனதில் பெட்டியைத் தவிர வேறு ஏதோ ஒன்றும் இருக்கும். அது என்ன என்று தெரிவதற்குள் பதில் சொல்லிவிடாதீர்கள்.

முதலில் பொட்டு விஷயம். இது உங்களுக்கும் நடக்கும்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் போன் வரும். ரிமோட் வேலை செய்யவில்லை என்பார்கள். அப்படி ஒரு மில்காரர் வீட்டுக்குப் போனேன். ரிசீவரின் முகத்தில், ரிமோட்டுக்குக் கண் இருக்கிற இடத்தில், சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். கண்ணை மூடிவிட்டால் ரிமோட் என்ன செய்யும்? துடைத்தேன். ஓடியது. அந்த வீட்டம்மாவுக்கு முகம் மாறிவிட்டது.

“ஏனுங்க பாய், வெச்ச பொட்டை அழிச்சுப்போட்டீங்களே!”

“அழிக்கலைன்னா ஓடாதுங்கம்மா.”

“பொட்டு வெக்காம எப்படீங்க? அப்ப எங்க வெக்கறதுன்னு நீங்களே காட்டுங்க.”

வலது ஓரத்தில், குமிழுக்குக் கீழே, ஒரு இடத்தை விரலால் காட்டினேன். அங்கே வைத்தார். அன்றிலிருந்து எந்த வீட்டில் மாட்டினாலும் கடைசியில் மூன்றைக் காட்டுவேன். இது பவர். இது வால்யூம். பொட்டு வைக்கிற இடம் இது.

இனி சொல்ல வந்தது. பெயர்களை மாற்றிச் சொல்கிறேன்.

பொள்ளாச்சி ரோட்டில் இருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர். அங்கே துரைசாமி என்று ஒரு தோப்புக்காரர். அவர் மனைவி கலாமணி. கலாமணிக்கு ஒரே அண்ணன், சிவராசு. அவருக்கும் பக்கத்திலேயே தோப்பு. இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடும். மேலே பனைமரத்தைப் பிளந்து பாலம் போட்டிருப்பார்கள்.

துரைசாமி முதல் வீடு கட்டிக் குடி போகிற சமயத்தில் சிவராசு என் கடைக்கு வந்தார். தங்கை புது வீடு போனால் பிறந்த வீட்டுச் சீர் போக வேண்டும். அண்டா, பட்டுச்சேலை எல்லாம் வாங்கி முடித்துவிட்டார்.

“மாப்பிள்ளைக்குப் படம்னா உசிருங்க பாய். இருக்கறதுலயே நல்லதா ஒரு ரிசீவர் குடுங்க.”

ஒன்றை எடுத்து வைத்தேன். இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். கனம் அவருக்குப் பிடித்துவிட்டது.

“இதே மாதிரி இன்னொண்ணும் போடுங்க.”

“ரெண்டு எதுக்குங்க?”

“ஒண்ணு எனக்கு. அவ ஊட்டுல கேக்கற சத்தமும் என்ற ஊட்டுல கேக்கற சத்தமும் ஒண்ணா இருக்கோணும்.”

இப்படிக் கேட்டு ரிசீவர் வாங்கியவர் வேறு யாரும் இல்லை.

சீர் நாளில் அட்டைப்பெட்டிக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பழத்தட்டுக்கு முன்னால் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னால் நான் டூல்ஸ் பையோடு நடந்தேன். “என்னங்க, பாயும் சீர் கொண்டாராரா?” என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் சிவராசு வாய்க்காலைத் தாண்டி வந்துவிடுவார். மச்சானும் மாப்பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து படம் பார்ப்பார்கள். நான் சர்வீசுக்குப் போனால் அதே இடத்தில் இரண்டு பேரும் இருப்பார்கள்.

பிறகு ஒரு வறட்சி வந்தது. துரைசாமி தோப்பின் ஓரத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டார். தண்ணீர் வந்தது. அந்தப் பக்கம் சிவராசுவின் கிணறு வற்றியது. அதனால்தான் வற்றியதா என்று யாருக்குத் தெரியும்? ஒரு கல்யாண வீட்டில் பேச்சு வந்தது. பேச்சு தடித்தது. “என்ற தண்ணியை உறிஞ்சுன ஊட்டுல இனித் தண்ணி குடிக்க மாட்டேன்” என்று சிவராசு சபையில் சொல்லிவிட்டார். அதோடு பாலத்தில் நடமாட்டம் நின்றது.

பல வருஷம் போனது. துரைசாமி தோப்புக்குள்ளேயே இன்னொரு வீடு கட்டினார். மாடியில் படம் பார்க்க என்று தனி ரூம். புது டிவி வாங்கியாயிற்று. என்னைக் கூப்பிட்டார்.

“பழைய ரிசீவரே ஆகுமா, புதுசு போடலாமான்னு பாத்துச் சொல்லுங்க பாய். நீங்க சொல்றதுதான்.”

ஒரு புது ரிசீவரை எடுத்துக்கொண்டு பழைய வீட்டுக்குப் போனேன். துரைசாமி வெளியே ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தார். கலாமணி மோர் கொண்டுவந்தார். கொடுத்துவிட்டு நின்றார்.

“பாய், ஒண்ணு கேட்டாத் தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?”

“சொல்லுங்க அம்மணி.”

“பழசே நல்லாருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. நீங்க சொன்னா அவுங்க கேப்பாங்க.”

“புதுசு நல்லாருந்துச்சுன்னா?”

“இருக்கட்டுமே. எனக்குப் படமா முக்கியம்?” குரலைத் தாழ்த்தினார். “புது ஊட்டுக்கு அண்ணன் வரப் போறதில்லைங்க. சீரும் வராது. அண்ணன் குடுத்த அண்டா பரண்ல கெடக்குது. சேலை நைஞ்சுபோச்சு. அன்னாடம் கண்ணுல படறது இது ஒண்ணுதான். இதாவது அங்க வந்து உக்காரட்டும்.”

சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. அதன் வழியாக வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சிவராசு வீட்டு ஓட்டுக் கூரை தெரிந்தது. பேசும்போது அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தார்.

எனக்கும் அப்படிச் சொல்லிவிட ஆசையாக இருந்தது. ஒரு வார்த்தைதான். மோரைக் குடித்து முடித்தேன்.

“காதுக்கு என்ன கேக்குதோ அதைத்தான் சொல்லுவேன் அம்மணி. பொய் மேல வெச்ச பொட்டி நிக்காதுங்க.”

“அதுஞ் செரிதானுங்க” என்று சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

நான் பார்க்கிற முறை இது. இரண்டு ரிசீவரையும் ஒரே ஸ்பீக்கரில் மாற்றி மாற்றிப் போடுவேன். சத்தத்தைச் சமமாக வைப்பேன். சத்தம் கொஞ்சம் அதிகமாக இருப்பதுதான் நல்லது என்று தோன்றும். அது காதின் குணம். புதுசை விற்கிறவனுக்கு அது தெரியும், புதுசை மட்டும் கொஞ்சம் ஏற்றி வைப்பான். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். வீட்டுக்காரர்களை மிஷினுக்கு முதுகு காட்டி உட்கார வைப்பேன். எது ஓடுகிறது என்று சொல்ல மாட்டேன்.

முதலில் படம் போட்டேன். இரண்டு பேரும் புதியதைச் சொன்னார்கள். பேச்சு தெளிவாக இருந்தது. பிறகு பழைய பாட்டு ஒன்று போட்டேன். கலாமணி கேட்ட பாட்டு. அதில் பின்னால் ஒரு சலங்கை வரும்.

“இது” என்றார் கலாமணி.

“இதேதான்” என்றார் துரைசாமி. திரும்பிப் பார்த்தார். பழையது ஓடிக்கொண்டிருந்தது. “அட, மச்சான் பொட்டியா!” என்றார். அந்தச் சொல் அவர் வாயில் வந்து ரொம்ப நாள் ஆகியிருக்கும். உடனே பேச்சை மாற்றினார். “பாட்டு செரி. இது வழியாப் புது டிவிக்குப் படம் வருமுங்களா?”

“வராதுங்க. டிவி கறுப்பா நிக்கும். அந்த ரூமுக்குப் புதுசுதானுங்க.”

சொல்லிவிட்டேன். கலாமணி தலையை ஆட்டினார். “அந்தப் பாட்டை இன்னொருக்காப் போடுங்க பாய். பழசுலயே” என்றார்.

போட்டேன். பாதிப் பாட்டில் சத்தம் நின்றது. விளக்கு எரிந்தது. வால்யூம் எண் தெரிந்தது. சத்தம் மட்டும் இல்லை. அணைத்துப் போட்டேன். இல்லை.

துரைசாமி சிரித்தார். “பாத்தியா புள்ள, உங்கண்ணன் பொட்டி தானே வெலகிக்கிச்சு.”

மனைவியின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்தினார்.

கலாமணி அழவில்லை. எழுந்து வந்து முந்தானையால் அதன் மேல் இருந்த தூசியைத் துடைத்தார். ஓரத்துச் சந்தனப் பொட்டை விட்டுவிட்டுச் சுற்றிலும் துடைத்தார். “குடி போக நாள் குறிச்ச பொறகு நின்னுபோச்சே” என்றார். அவ்வளவுதான்.

அப்போது கடைகளில் எக்ஸ்சேஞ்ச் திட்டம் இருந்தது. ஓடாத பழைய செட்டைக் கொடுத்தாலும் புதுசில் தள்ளுபடி. அதைச் சொல்ல அது நேரம் இல்லை. ஒரு வீட்டில் பொருள் நின்றுபோனால் உடனே வாயைத் திறக்காதீர்கள். “கொண்டுபோய்ப் பாத்துட்டு வாரேனுங்க” என்று சொல்லி எடுத்து வந்தேன்.

திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு போர்டு போய்விட்டது. சூட்டில் போவதுதான். அந்தப் போர்டு இப்போது வருவதில்லை. டவுனில் கேட்டேன். தெரிந்தவர்களுக்கு எல்லாம் போன் போட்டேன். உக்கடத்தில் பழைய சாமான் போடுகிறவர்களிடம் தேடினேன். இல்லை.

அது இருக்கிற இடம் எனக்கு முதலிலேயே தெரியும். இரண்டு வாங்கியவர் சிவராசு. தெரிந்தும் ஊரெல்லாம் தேடினேன். அங்கே போகக் கால் வரவில்லை.

காரணம் இதுதான். நம் ஆட்கள் எல்லா வீட்டுக்குள்ளும் போகிறோம். சாமி ரூம் சுவரில் ட்ரில் போடுகிறோம். படுக்கிற ரூமில் ஒயர் இழுக்கிறோம். காதில் எல்லாம் விழும். ஒரு வீட்டில் விழுந்ததை இன்னொரு வீட்டில் எடுத்தால் தொழில் அதோடு முடிந்தது. ஆகவே மிஷினைப் பற்றி மட்டும் பேசுவது என்று முடிவு செய்துகொண்டு போனேன்.

சிவராசு வாசலில் தேங்காய் உரிக்கிற ஆட்களோடு நின்றார். ஆள் இளைத்திருந்தார்.

“அடடே, பாய்! எந்தக் காத்துங்க இந்தப் பக்கம் அடிச்சுது?”

“உங்க ரிசீவர் எப்படி இருக்குதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க.”

“இருக்குது. ஓடறதில்லை.”

“ரிப்பேருங்களா?”

“அதுக்கு ஒண்ணும் இல்லைங்க. நான் போடறதில்லை. ஒத்தையா உக்காந்து என்ன படம் பாக்கறது?”

உள்ளே கூட்டிப் போனார். ரிசீவர் மேல் துண்டு போர்த்தியிருந்தது. எடுத்தார். ஒரு தூசி இல்லை. நான் காட்டிய அதே இடத்தில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. நிறம் மங்காமல் இருந்தது.

“ஆயுத பூசைக்கு எடுத்துத் தொடச்சுப் பொட்டு வெப்பேன். அதோட செரி” என்றார்.

போட்டுப் பார்த்தேன். சத்தம் வந்தது. ஓடாமலே கிடந்ததால் சூடு படாமல் தப்பித்திருந்தது. அவர் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார்.

“எதுக்குப் பாய் வந்தீங்க? சொல்லுங்க.”

“இதே மாடல்ல ஒண்ணு நின்னுபோச்சுங்க. உள்ள ஒரு போர்டு வேணும். வேற எங்கயும் கெடைக்கலை.”

யாருடையது என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கையில் இருந்த துண்டை மடித்தார். மறுபடி பிரித்தார்.

“எப்படி நின்னுச்சு?”

“பாட்டு ஓடிட்டு இருந்துச்சுங்க. அம்மணி ரெண்டாந்தடவை கேட்டாங்களேன்னு போட்டேன். பாதியில நின்னுபோச்சு.”

வாய் தவறி வந்துவிட்டது. அவர் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“போர்டைக் கழட்டுனா இது என்ன ஆகும்?”

“இது நின்னுபோகுமுங்க.”

“அப்ப ஒண்ணைக் கொன்னு ஒண்ணைப் பொழைக்க வெக்கறதா? வேண்டாம். முழுசா எடுத்துட்டுப் போங்க. அங்க வெச்சுட்டு வந்துருங்க. ஆரு குடுத்ததுன்னு சொல்ல வேண்டாம்.”

என் வண்டி வாசலில் நின்றது. பின்னால் கட்டக் கயிறும் இருந்தது. எடுத்துப் போயிருந்தால் என் வேலை முடிந்திருக்கும். கலாமணிக்கும் சந்தோஷம். இரண்டு வீடும் பேசாமலேயே இருந்துகொள்ளும். வாய்க்காலை மிஷின் மட்டும் தாண்டியிருக்கும்.

“நான் எடுத்துட்டுப் போக மாட்டேனுங்க.”

“ஏன் பாய், கனமா?”

“இதைவிடக் கனமெல்லாம் கொண்டுபோயிருக்கறனுங்க. மிஷின் மாட்டறது என்ற வேலை. சீர் தூக்கறது உங்க வேலைங்க.”

அவர் முகம் சிவந்தது. தேங்காய் உரிக்கிற கடப்பாரைச் சத்தம் வெளியே கேட்டுக்கொண்டிருந்தது.

“வெத்தலை பாக்கு வெச்சு அழைக்காத ஊட்டுக்கு எப்படிப் பாய் போறது? நானும் சபையில ஒண்ணு சொல்லிப்போட்டேன். சொன்னது சொன்னதுதானே?”

“நான் மிஷினுக்கு வந்தவனுங்க. எனக்கு என்ன தெரியும்?”

“நல்லா வந்தீங்க மிஷினுக்கு!” என்றார். துண்டை மறுபடி அதன் மேல் போர்த்தினார். டீ கொடுக்கச் சொன்னார். குடித்தேன். வெறும் கையோடு வந்தேன். ஒரு வாடிக்கை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் புது வீட்டுக்குப் போனேன். மாடி ரூமில் ஆசாரி ரேக் செய்துகொண்டிருந்தார். துரைசாமி வந்தார்.

“பார்ட்ஸ் கெடைச்சுதுங்களா?”

“இருக்கற எடம் ஒண்ணே ஒண்ணுதானுங்க.”

“எங்க, சென்னையா?”

“வாய்க்காலுக்கு அந்தப் பக்கமுங்க.”

ஆசாரி இழைப்பை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். மறுபடி இழைத்தார்.

“நீங்க கேட்டீங்களா?”

“நான் கேட்டு எடுத்துட்டு வர்ற பொருள் இல்லைங்க அது. நீங்க போகோணும்.”

“போகலைன்னா?”

“புதுசு ஒண்ணே போதுமுங்க. நல்லாவே ஓடும். கொறை வராது.”

அதுதான் நான் சொன்ன தீர்ப்பு. புதுசு நன்றாக ஓடும் என்பது உண்மை. பழசு எங்கே இருக்கிறது என்பதும் உண்மை. இரண்டையும் சொல்லி நிறுத்திக்கொண்டேன். கலாமணி கேட்டது, சிவராசு வைத்திருந்த பொட்டு, எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருந்தால் என் பேச்சுக்காகப் போயிருப்பார். அவர் தானாகப் போக வேண்டும்.

“எத்தனை பேர் முன்னால அப்படிச் சொன்னாருன்னு தெரியுமா பாய்?” என்றார். பதிலுக்கு நிற்கவில்லை. ரேக்கின் பக்கம் போனார்.

“ஏனுங்க ஆசாரி, கீழ ஒரு தட்டு எதுக்குச் சும்மா உட்டிருக்கறீங்க?”

“பாய்தானுங்க சொன்னாரு.”

“காத்துக்குங்க” என்றேன். “அடைச்சு வெச்சா சூடாகும்.”

துரைசாமி குனிந்து அந்தத் தட்டின் உயரத்தைக் கையால் அளந்தார். புது ரிசீவர் அவ்வளவு உயரம் கிடையாது. “காத்துக்கு இவ்வளவு ஒசரமா?” என்றார். நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

குடி போகிற நாள் வந்தது. புதுசை மேல் தட்டில் மாட்டி முடித்திருந்தேன். கீழ்த் தட்டு காலி. சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள், ரூமைப் போட்டுக் காட்டவும் வேண்டும். காலையில் போனேன். பசு உள்ளே போய் வந்தாயிற்று. பால் பொங்கியாயிற்று. துரைசாமி போனாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கலாமணி பந்திக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். ரோட்டில் கார் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பார். யாரோ இறங்குவார்கள். வாங்க வாங்க என்பார். மறுபடி நடப்பார். சீர் வர வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது.

மேளம் தோப்புப் பக்கம் இருந்து கேட்டது. யாரும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பாலத்தைத் தாண்டி சிவராசு வந்தார். பின்னால் அவர் மனைவியும் உறவுக்காரப் பெண்களும் தட்டுகளோடு வந்தார்கள். அவர் இரண்டு கையிலும் ரிசீவர். அட்டைப்பெட்டி கிடையாது. துண்டை விரித்து அதன் மேல் வைத்துத் தூக்கி வந்தார். புதுச் சந்தனம் வைத்திருந்தது.

“என்னுங்க மாமா, ஓட்டை ரேடியோவைத் தூக்கிட்டு வாரீங்க?” என்று ஒரு மாப்பிள்ளைப் பையன் கேட்டான்.

“உங்கொப்பனைத்தான் தூக்கிட்டு வரச் சொன்னாங்க சாமி. அதுக்கு இது பரவால்லன்னு இதைத் தூக்கிட்டு வந்தேன்.”

சிரிப்பு எழுந்தது. வாசல்படியில் சிவராசு நின்றார். சிரிப்பும் நின்றது. கலாமணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். வருகிறவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது வழக்கம். சிவராசு சபையில் சொன்ன வார்த்தை அங்கே எல்லோருக்கும் தெரியும்.

சிவராசுவால் வாங்க முடியவில்லை. இரண்டு கையிலும் ரிசீவர். கீழே வைக்கவும் மனம் இல்லை. அப்படியே நின்றார்.

துரைசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“குடுங்க மச்சான். கனம்.”

வாங்கிக்கொண்டார். சிவராசுவின் கை காலியானது. சொம்பை வாங்கினார். தலையை அண்ணாந்து, நிறுத்தாமல், முழுச் சொம்பையும் குடித்தார். கொஞ்சம் சட்டையில் வழிந்தது. கலாமணி காலிச் சொம்பை வாங்கி, உள்ளே ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பதுபோல் பார்த்தார்.

“அண்ணா, சாப்படலாம் வா” என்றார்.

கீழ்த் தட்டில் ரிசீவர் சரியாக உட்கார்ந்தது. அதைத் தனியாகப் பாட்டுக்கு மட்டும் மாட்டியிருக்கலாம். நான் இரண்டையும் சேர்த்தேன். படத்தையும் சத்தத்தையும் புதுசு வாங்கிப் பிரித்துக் கொடுக்கும். முன் ஸ்பீக்கர் இரண்டையும் பழசு ஓட்டும். அதற்கு அந்தத் தெம்பு இருந்தது. சத்தமும் அப்படித்தான் நன்றாக இருந்தது. காது சொன்னதைத்தான் செய்தேன்.

“ரெண்டும் போட்டாத்தான் முன்னால சத்தம் வருமுங்க” என்று சொல்லிக்கொடுத்தேன்.

துரைசாமி யோசித்தார். “அப்ப மச்சான் இல்லாம நம்மூட்டுல சத்தமே வராதுங்கறீங்க.”

“ஆமா, இல்லாதப்ப மட்டும் ரொம்ப அமைதியா இருந்தீங்களாக்கும்” என்றார் சிவராசு.

அந்தப் பழைய பாட்டைப் போட்டேன். புது ரூமில் முதல் சத்தம் வருகிற நேரம் இருக்கிறதே, அதற்காகத்தான் இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்தேன். இப்போது வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அதுதான் நினைவுக்கு வருகிறது. எத்தனையோ வீட்டில் முதல் சத்தம் கேட்டிருக்கிறேன். எந்த வீட்டிலும் உட்கார்ந்து ஒரு படம் முழுசாகப் பார்த்ததில்லை.

முன் வரிசையில் மூன்று நாற்காலி. இந்த ஓரம் துரைசாமி. அந்த ஓரம் சிவராசு. நடுவில் ஒன்று காலி.

“பாய், வாங்க, உக்காருங்க” என்றார் சிவராசு.

“உக்காருங்க பாய், உங்களுக்கில்லாததா?” என்றார் துரைசாமி.

நடுவில் ஒரு ஆள் இருந்தால் அவர்களுக்கு நல்லது. ஒருவரோடு ஒருவர் நேராகப் பேச வேண்டியது குறையும். எனக்கும் ஆசையாக இருந்தது. இன்றைக்கும் அந்த நாற்காலியை நினைப்பேன்.

“வேலை இருக்குதுங்க, வாரேன்” என்று பையை எடுத்துக்கொண்டேன். வேலை ஒன்றும் இல்லை.

படியில் கலாமணி ஏறி வந்துகொண்டிருந்தார். ஒதுங்கி வழிவிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனார். பாதிப் படியில் நின்று திரும்பிப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது. மூன்று தலை தெரிந்தது.

தோப்பு வழியாக நடந்து பாலத்தின் பக்கம் வந்தேன். பாட்டு அங்கே வரை கேட்டது. அந்தச் சலங்கையும் கேட்டது. அப்போது எனக்குக் காது இருந்தது. இப்போது அதே பாட்டைப் போட்டுப் பார்க்கிறேன். எல்லாம் வருகிறது. சலங்கை மட்டும் இல்லை.

ரேக் செய்தால் கீழே ஒரு தட்டு காலியாக விடுங்கள். உயரமாக விடுங்கள். எதற்கு என்று கேட்டால் காற்றுக்கு என்று சொல்லுங்கள்.